பயனாளி கோட்டைச்சாமி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூடி வைத்த சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் உழைப்பதில்லை என்று கோட்டைச்சாமி முடிவெடுத்தார்.

அவசரப்பட்டு எடுத்த முடிவில்லை. முதலில் தட்டைத் திறந்து பார்த்தார். சோறு ஆறியிருந்தது. கத்திரிக்காய்க் குழம்பு சோற்றுக்கு முன்பே ஆறிப்போயிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. பொன்னுமணி காலையிலேயே இலவச பஸ்சில் ஏறிப் போய்விட்டாள். எங்கே என்று கேட்டால் தேவாரம் பக்கம் என்பாள். போன வாரம் சிலமலைப் பக்கம். அதற்கு முந்தின வாரம் ராசிங்காபுரம் பக்கம். எல்லாப் பக்கமும் போகிறவள் புருஷன் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

கோட்டைச்சாமி போடியில் சொந்த ஜீப்பு வைத்து ஓட்டுகிறவர். விடியுமுன்னே ஏலக்காய் எடுக்கிற பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டி, கேரளத்து எஸ்டேட்டுக்குப் போவார். இருட்டுகிற நேரத்தில் கீழே கொண்டுவந்து விடுவார். வாரத்தில் ஆறு நாளும் இதே பாடு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் உடம்பு இன்னும் கொண்டை ஊசி வளைவில் சுற்றிக்கொண்டே இருக்கும். பொன்னுமணி சோறு போட்டுக்கொண்டே ஏதோ சொல்வாள். பாதி காதில் விழுவதற்குள் கண் சொருகிவிடும். பெண்டாட்டி முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வாய்த்திருந்தது.

ஒரு காலத்தில் அந்த ஞாயிறு எப்படி இருக்கும்! எலும்போடு கறி வாங்கிவந்து கொடுப்பார். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அவள் அவர் தலையில் எண்ணெய் வைத்து, அந்தத் தலையையே நாலு தட்டுத் தட்டி, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஆறு நாள் பாக்கியையும் சேர்த்துத் திட்டுவாள். சாப்பிட்டுவிட்டு இருவரும் டிவிக்கு எதிரே படுத்துக்கிடப்பார்கள். மகள் சுஜிதாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு பெரிதாகிப்போனது. அந்தத் திட்டுக்காகவே அவர் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தார். அப்போது பார்த்து, டவுன் பஸ்சில் பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதோடு அவருடைய ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டது.

அவளை நினைத்தால் நெஞ்சு என்னவோ செய்தது. பக்கத்தில் இருக்கிறவளையே நினைத்து ஏங்குவது அவருக்கே கூச்சமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆம்பளை, பெண்டாட்டி ஞாபகமாகவே இருக்கிறது என்று டீக்கடையில் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னால் போடி மார்க்கெட்டில் ஏலக்காய் விலையை விட அந்தச் சேதி வேகமாகப் பரவும். ஆகவே அவர் அரசியல் பேசினார்.

சீனிச்சாமி டீக்கடையில் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை இருந்தது. ரோட்டு வரி யார் கட்டுகிறான், இன்சூரன்ஸ் யார் கட்டுகிறான், டீசலுக்கு மேல் வரி யார் கட்டுகிறான் என்று அடுக்குவார். கட்டுகிறவனுக்கு அரசாங்கம் என்ன தருகிறது என்று கேட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சம் நிறுத்துவார். பக்கத்து வீட்டு மகாராணிக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பொன்னுமணி எழுதிப்போட்டதற்கு, நாலு சக்கர வண்டி இருக்கிற வீட்டுக்குக் கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வரும்போது கோட்டைச்சாமி டீ கிளாசை ஓங்கி வைப்பார்.

"ஜீப்புல நான் என்ன ஊட்டிக்கா போட்டோ எடுக்கப் போறேன்? மம்பட்டி வச்சிருக்கவனுக்குக் குடுக்குறீகல்ல. என் மம்பட்டிக்கு நாலு சக்கரம் இருக்கு, அம்புட்டுத்தான்."

அதில் நியாயம் இருந்தது. டீக்கடையே தலையை ஆட்டும். சீனிச்சாமி ஒருநாள் அந்தப் பேச்சுக்காக டீக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் இத்தனை நியாயத்துக்கும் அடியில் ஒரு ஆறின கத்திரிக்காய்க் குழம்பு கிடந்தது யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொன்னுமணியும் மகாராணியும் பஸ் இறங்கி, வெயிலில் கறுத்து, சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். கோட்டைச்சாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை ஒரு தினுசாக வைத்திருந்தார்.

"நாளையிலருந்து நான் வேலைக்குப் போகல" என்றார்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கொள்கை."

"கொள்கைன்னா மாத்திரை ஏதும் போடணுமா?"

"வெளையாடாத. ஒழைக்கிறவனுக்கு இந்த நாட்டுல என்ன இருக்கு? சும்மா இருக்கிறவுகளுக்குத்தான அம்புட்டும். நானும் சும்மா இருக்கப் போறேன். இனிமே நானும் பயனாளி."

"சும்மா இருக்கிறவுக யாரு?" என்று பொன்னுமணி மெதுவாகக் கேட்டாள்.

இத்தனை வருஷமாக மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர். எந்த வளைவில் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்பது அவர் காலுக்கே தெரியும். வீட்டில் மட்டும் அந்த இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"யாரா? இந்தா, மகாராணி இருக்கு. மாசம் பொறந்தா ஆயிரம். நீ இருக்க. வீட்ல இருக்க, அலுத்தா ஓசி பஸ்சுல ஏறிச் சுத்துற."

மகாராணி ஆறு நாளும் அவருடைய ஜீப்பில்தான் மலைக்குப் போகிறவள். மழையோ அட்டையோ, செடிக்குச் செடி சேற்றில் குத்தவைத்துக் காய் எடுக்கிறவள். அவள் தன் விரல்களை ஒரு தடவை பார்த்தாள். ஏலக்காய்க் கறை ஏறின நகம். வர்றேன்க்கா என்று பொன்னுமணியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னுமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எம்புட்டு நாளைக்குப் பயனாளி?"

"அரசாங்கத்துக்குப் புத்தி வர்ற வரைக்கும்."

"சரி. இருங்க" என்றாள்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்த கோட்டைச்சாமிக்கு அந்தச் 'சரி' தேனாக இனித்தது. அவர் போட்டிருந்த கணக்கு வேறு. பொன்னுமணி ஞாயிற்றுக்கிழமைதானே வெளியே போகிறாள்? திங்கள் முதல் சனி வரை வீட்டில்தானே இருக்கிறாள்? இவர் வேலைக்குப் போகாவிட்டால் ஆறு நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். கெட்ட பெயர் அரசாங்கத்துக்கு, பெண்டாட்டி தனக்கு. ஏலக்காய் எடுப்பு நேரத்தில் ஒருநாள் ஜீப்பு நின்றால் ஆட்கள் அடுத்த ஜீப்பில் ஏறிவிடுவார்கள் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. டிரைவர் இல்லாமல் வண்டி நிற்கத்தானே செய்யும், நின்றுவிட்டுப் போகட்டும் என்று ராத்திரி புரண்டு படுத்தார்.

திங்கட்கிழமை விடிகாலையில் ஜீப்பு இருமுகிற சத்தம் கேட்டது. சொந்த ஜீப்பின் இருமல் சொந்தப் பிள்ளையின் இருமலைப் போல. கைலியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பின்னால் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஸ்டியரிங்கில் பாண்டித்துரை. பொன்னுமணிக்குத் தம்பி முறை. கோட்டைச்சாமிக்குக் காய்ச்சல் வந்தால் மாற்றுக்கு ஓட்டுகிறவன். அவன் பக்கத்தில், முன் சீட்டில், காது மறைய துண்டைக் கட்டிக்கொண்டு பொன்னுமணி.

"எங்க போற?"

"வேலைக்கு. எடுப்பு நேரத்துல வண்டிய நிறுத்துனா ஆளுக போயிரும்ல. குழாய்ல தண்ணி வரும், வெரசாப் புடிச்சு வையுங்க. ரேசன்ல இன்னிக்குப் பருப்பு போடுறாகளாம்."

பாண்டித்துரை, வர்றேன் மாமா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு கிளட்ச்சை விட்டான். கோட்டைச்சாமி தெருவில் நின்றார். அவர் ஏங்கியவளை அவருடைய ஜீப்பே ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பயனாளியாக இருப்பதற்கு இவ்வளவு நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தண்ணீருக்கு நின்றார். ரேசனுக்கு நின்றார். வரிசையில் முன்னாலும் பின்னாலும் பொம்பளைகள், ஜீப்புக்கு என்னண்ணே ஆச்சு என்று அக்கறையாக விசாரித்தார்கள். இவர் கொள்கையை விளக்கினார். ஒருத்தி, பாவம், வீட்டில் ஏதோ பிரச்சினை போல என்று அடுத்தவளிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முறை வந்தபோது மெஷினில் விரலை வைத்தார். ஸ்டியரிங் பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்க என்றார்கள். உழைத்த விரலை அரசாங்கம் அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது என்று டீக்கடையில் சொல்ல அருமையான விஷயம் கிடைத்தது. ஆனால் சொல்ல மனசில்லை. வீட்டுக்குப் போய், தண்ணீர்க் குடத்தை மூடிவிட்டு, மத்தியானச் சோற்றைத் தனியாக உண்டார். இப்போது அதையும் அவரே வடித்திருந்தார். அடி பிடித்திருந்தது.

இருட்டினபின் பொன்னுமணி வந்தாள். உடம்பெல்லாம் பச்சை ஏலக்காய் வாசம். அந்த வாசம் கோட்டைச்சாமியின் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்று நகர்ந்தபோது போன் அடித்தது. வைத்தால் இன்னொன்று. யாருக்கு நாளைக்கு வர முடியாது, யார் அவளுக்குப் பதிலாக வருவாள், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாரை எந்த முக்கில் ஏற்ற வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள். கை காய்ந்த பிறகும் பேசினாள்.

கோட்டைச்சாமி முதல் தடவையாக விழித்திருந்து அதைக் கேட்டார். இத்தனை வருஷமும் இந்த முணுமுணுப்பில்தான் அவர் தூங்கிப்போயிருக்கிறார். ஊர்வம்பு என்று நினைத்திருந்தார். காலையில் வண்டியை எடுத்தால் ஒவ்வொரு முக்கிலும் ஆட்கள் தயாராக நிற்பது தன் ஹாரன் சத்தத்துக்கு என்று நினைத்திருந்தார். டிரைவருக்கு மாற்றாக ஒரு பாண்டித்துரை இருக்கிறான். இதற்கு மாற்று ஆள் போடியிலேயே கிடையாது என்பது அடுத்தடுத்த நாட்களில் அவருக்கு நன்றாக விளங்கியது. ஜீப்பு நிற்கவேயில்லை. போன வாரத்தை விட நெரிசலாக ஏறியது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. சும்மா காலாற நடப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போகிற முந்தல் ரோட்டில் வெகுதூரம் நடந்தார். மலையிலிருந்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தன் ஜீப்பு வருவது தூரத்திலேயே தெரிந்தது. கை காட்டத்தான் நினைத்தார். கிட்டே வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஜீப்பு அவரைத் தாண்டிப் போனது. பாண்டித்துரை ஏதோ சொல்ல, பொன்னுமணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்த வண்டி வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பை ஒரு நொடி பார்த்தார். அந்த முன் சீட்டில் அவர் அவளை ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை. காசு வருகிற சீட்டு அது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, போடிமெட்டு வரைக்கும் கூட்டிப்போங்க மாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பார்க்கவேயில்லை. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் போகவர மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பாண்டித்துரைக்குக் கூலியும் கிடைக்கிறது. இதைவிட அநியாயம் எந்த அரசாங்கமும் செய்ததில்லை.

அன்றைக்குச் சோறு போடும்போதே வாயைத் திறந்தார். "நாளைக்கு நானே வண்டிய எடுக்குறேன்."

"ஏங்க, அரசாங்கத்துக்குப் புத்தி வந்துருச்சா?"

பொன்னுமணி எதிரே உட்கார்ந்தாள். நாலு சக்கரம் என்று சொல்லித் தள்ளினது தப்புதான், அதற்கு அரசாங்கத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன் என்றாள். ஆனால் நாளெல்லாம் குத்தவைத்துக் காய் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைக்கிற மகாராணியைப் பார்த்து சும்மா இருக்கிறவள் என்று சொன்னால் நாக்கு அழுகும் என்றாள். பிறகு கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம நான் எதுக்கு ஊர் ஊராப் போறேன்னு நெனச்சீக?"

"சுத்திப் பாக்க."

"ராசிங்காபுரத்துல சுத்திப் பாக்க என்ன இருக்கு? எஸ்டேட்டு வேலைக்கு ஆளு பேசப் போறேன். பஸ்சு ஓசிங்கவும்தான் போறேன். டிக்கெட்டு எடுத்துப் போகணும்னா வீட்லதான் கெடந்துருப்பேன், ஒங்க ஜீப்பு பாதி காலியா மேல ஏறும்."

கோட்டைச்சாமி கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். எந்த பஸ்சை டீக்கடைதோறும் திட்டினாரோ, அந்த பஸ்தான் இவர் ஜீப்பை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. உழைக்கிறவனுக்கு அரசாங்கம் ஒன்றும் தரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அது பெண்டாட்டி கையில் கொடுத்தனுப்பியிருக்கிறது. இதைச் சீனிச்சாமி கடையில் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. எச்சில் கையோடு சொல்லிவிட்டார்.

"எனக்கு ஆயிரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம நீ எங்கூட இருந்தாப் போதும். நீயில்லாம இந்த வீட்ல உக்கார முடியல பொன்னு."

பொன்னுமணி அவரையே பார்த்தாள். "இதச் சொல்லத்தான் இம்புட்டு நாளா அரசாங்கத்த இழுத்தீகளா?" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. எழுந்து போய் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "சரி. வர்ற ஞாயித்துக்கெழம நாள் முழுக்க ஒங்க கூடத்தான். போதுமா?"

மறுநாளிலிருந்து கோட்டைச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பாண்டித்துரைக்கு வேறு வண்டி பார்த்துக் கொடுத்தாயிற்று. ஞாயிறு வரை பொன்னுமணியும் வீட்டிலேயே இருந்தாள். மலையெல்லாம் அவருக்கு அவள் முகமாகவே தெரிந்தது. வளைவுக்கு வளைவு ஹாரனை வழக்கத்தை விட ஒரு தடவை கூடுதலாக அடித்தார். பின்னால் மகாராணி, அண்ணனுக்கு என்ன, கோயில் திருவிழாவா என்று கேட்டுச் சிரிப்பை மூட்டினாள். மகாராணியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளை முந்தலில் இறக்கி, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முகம் மழித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். கறியும் பூவும் வாங்கி வந்தார். பொன்னுமணி பூவை வாங்கி வைத்துக்கொண்டு, கறியை வேகவைத்துத் தூக்குச்சட்டியில் போட்டு மூடினாள்.

தூக்குச்சட்டி எதற்கு என்று அவர் கேட்பதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம். மகாராணி வந்தாள். அவளோடு காய் எடுக்கிற ஒச்சம்மாள் வந்தாள். அடுத்தடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்து ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். தேவாரத்துக்கு மேலே, மலையடிவாரத்து ஊர்களில் யானை இறங்கிச் சோளத்தை மிதித்துவிட்டுப் போயிருக்கிறதாம். அங்கே பொம்பளைகள் கைக்கு வேலையில்லாமல் இருக்கிறார்களாம். இன்றைக்கே எல்லோருமாகப் போய்ப் பேசாவிட்டால் வேறு ஜீப்பு கூப்பிட்டுக்கொள்ளுமாம். அந்த ஊர்களுக்கு டவுன் பஸ் கிடையாதாம். பொன்னுமணி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறுங்க. நாள் முழுக்க ஒங்க கூடத்தான்."

கோட்டைச்சாமி ஏறினார். யாரிடமும் டிக்கெட் காசு வாங்குகிற பேச்சே எழவில்லை. பொம்பளைகளுக்கு இலவசம்.

ஆனாலும் அவள் பக்கத்தில் இருந்தாள். பூ வாசம் வந்தது. வெயில் அவள் முகத்தில் விழுந்தது. ஊரைத் தாண்டி, ரோட்டில் வண்டிகள் குறைந்ததும், கோட்டைச்சாமி ஜீப்பை மெதுவாக்கி, பின்னால் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"பொன்னு, ஒரே ஒரு நாளு. நீயும் நானும் மட்டும். வேற யாரும் வேணாம்."

பின்னால் பேச்சு சட்டென்று நின்றது. ஜீப்பில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பொன்னுமணி அவர் பக்கம் திரும்பினாள். சட்டைக் காலரில் காய்ந்து ஒட்டியிருந்த சோப்பு நுரையை விரலால் துடைத்துவிட்டாள். கோட்டைச்சாமி வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

"அதுக்கு மனு எழுதி தேனி கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும்ங்க" என்றாள். "திங்கக்கெழமதான் வாங்குவாக. திங்கக்கெழம ஒங்களுக்கு வேலை இருக்கு."